கோடை உஷ்ணமும் கூட்டுறவுச் சங்கங்களின் கடமையும்

(சிட்லபாக்கத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் ஆற்றிய பிரசங்கத்தின் வாசகம்)



சித்திரை மாதம் பிறந்ததும் வெயிலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசிப்பவர் மிகச் சிலரே. புயல் வருமென்றால் கூரையைக் கட்டுகிறார்கள்; வெள்ளம் வருமென்றால் மூட்டை முடிச்சுகளை மேட்டில் ஏற்றுகிறார்கள்; ஊரில் பேதி கண்டால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். வெயிலுக்கு மட்டும் ஒருவரும் ஓர் ஏற்பாடும் செய்வதில்லை. "வருஷா வருஷம் வருகிறதுதானே" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக் கொண்டு வெளியே கிளம்பி விடுகிறார்கள். பழகிய பகைவன் என்பதனாலேயே வெயில் அநேகரை ஏமாற்றி விடுகிறது.

வெயிலினால் நேரும் மரணம் சந்தடியின்றி நேர்வது. கட்டிட வேலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் மாரடைப்பு என்கிறார்கள். தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவர் தகரக் கூரையின் கீழ் இறந்து கிடந்தால் வயோதிகம் என்கிறார்கள். காரணம் உஷ்ணம் என்று எழுதப்படுவது அபூர்வம். இக்குறையை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தனர். உஷ்ணத்தால் மரணம் நேர்ந்ததென்று உரிய அதிகாரிகள் உறுதி செய்தால், இறந்தவருடைய குடும்பத்தாருக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் அளிக்கவும் உத்தரவாயிற்று. இது நல்ல ஏற்பாடே. ஆனால் நிவாரணம் உயிர் போன பின் வருவது. உயிர் போகாமல் காப்பதற்கு வேண்டியவையோ ஒரு குடம் தண்ணீர், ஒரு பந்தல் நிழல், ஒரு மணி நேர ஓய்வு ஆகியவையே. இவற்றைத் தனி மனிதன் தனக்குத் தேடிக் கொள்வது கஷ்டம். பலர் கூடி ஏற்படுத்துவது சுலபம். ஆகையால் இது வைத்தியரைச் சேர்ந்த விஷயம் மட்டுமன்று. கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த விஷயமுமாகும்.

இவ்வூரின் உஷ்ணம்

சிட்லபாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமம். பிறகு பேரூராட்சியாயிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதில் இணைந்தது. வயல் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. மண் பாதை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளமும் தாரும் வந்தன. மண்ணும் மரமும் மாலையில் விரைவில் குளிர்ந்து விடும். சிமெண்டும் தாரும் பகலெல்லாம் உஷ்ணத்தை வாங்கி வைத்துக் கொண்டு இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். இரவில் தேகம் ஓய்ந்து குளிர வழியில்லாவிடில், மறுநாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறைந்து போகிறது. மூன்று நான்கு நாள் தொடர்ந்து அடிக்கும் வெயில் ஒரே நாள் வெயிலைவிடக் கொடியதாவதற்கு இதுவே காரணம்.

சென்னையில் இதுவரை பதிவான உஷ்ணங்களில் மிகக் கடுமையானது 2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸ், அதாவது 113 டிகிரி பாரன்ஹீட். சிட்லபாக்கம் கடலிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடற்காற்று முதலில் கரையோரத்தைக் குளிர்வித்த பிறகே இப்பக்கத்திற்கு வந்து சேரும். மேற்கத்திக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று பிற்பகல் வரையில் தாமதித்து விடும். அத்தகைய நாட்களில்தான் மீனம்பாக்கம், தாம்பரம் பக்கங்களில் உஷ்ணம் உச்சத்தை எட்டுகிறது. ஆகவே "இன்று காற்று கிழக்கே திரும்பிற்றா?" என்று பார்ப்பது முன்னோருடைய வெறும் பழக்கமன்று, அதில் உண்மையான உபயோகம் உண்டு.

சமவெளிப் பிரதேசத்தில் உஷ்ணம் 40 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை என்பதைப் பற்றி இந்திய வானிலைத் துறையினர் ஆலோசிப்பர். கடற்கரைப் பிரதேசத்திற்கோ 37 டிகிரியே அந்த அளவு. அது அக்காலத்திற்கு வழக்கமான உஷ்ணத்தைவிட 4.5 டிகிரியாவது அதிகமாகவும் இருக்க வேண்டும். கடற்கரைக்கு அளவைக் குறைத்து வைத்திருப்பது ஏன் என்பதை அறிந்து கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

பானையும் தேகமும்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் பானையிலுள்ள உஷ்ணத்தை உடன் எடுத்துச் செல்கிறது. மனித தேகமும் இம்மாதிரிப் பானையே. அதன் உள் உஷ்ணம் 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்க வேண்டும். வெளியே வெயில் ஏறும்போது வியர்வை கசிந்து, காற்றில் உலர்ந்து, தேகத்தைக் குளிர்விக்கிறது.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, பானையில் நீர் தீர்ந்தால் கசிவும் நிற்கும்; அதுபோலத் தண்ணீர் குடியாதவனுடைய தேகம் குளிர வழியில்லை. இரண்டாவது, பானையைச் சாக்கினால் இறுக மூடி மூலையில் வைத்தால் நீர் குளிராது. அதுபோல இறுக்கமான கறுப்பு உடையும் காற்றோட்டமில்லாத அறையும் வியர்வையை உலர விடா. மூன்றாவதே கடற்கரைவாசிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் கொடியில் போட்ட துணி உலர்வதில்லை; பானைத் தண்ணீரும் அவ்வளவாகக் குளிர்வதில்லை. அதே நாளில் தேகத்தின் வியர்வையும் உலராமல் வழிந்து வீணாகிறது. வியர்வை வழிகிறதென்பதால் தேகம் குளிர்கிறதென்று எண்ணுவது தவறு. உலரும் வியர்வையே குளிர்விக்கும். வழியும் வியர்வை தேகத்தின் நீரையும் உப்பையும் செலவழிப்பதோடு சரி. இதனால்தான் வடக்கே 40 டிகிரி செய்யும் தீங்கை இங்கே 37 டிகிரியே செய்யக் கூடும்.

அனுபவம் கற்பித்தவை

குஜராத்திலுள்ள ஆமதாபாத் நகரில் 2010 மே மாதத்தில் உஷ்ணம் 46.8 டிகிரி வரை ஏறிற்று. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், வழக்கமாக அம்மாதத்தில் நிகழும் மரணங்களைவிட 1,344 மரணங்கள் அதிகமாக நிகழ்ந்தன என்று கணக்கிட்டார்கள். வெயில் என்றால் சகஜம் என்று எண்ணியிருந்த அந்நகரத்தார் திடுக்கிட்டனர். 2013-இல் ஆமதாபாத் நகரசபையார் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தனர். தெற்காசியாவில் இவ்வகைத் திட்டங்களுள் அதுவே முதலாவது. அதில் வியக்கத்தக்க யந்திரம் எதுவும் இல்லை. கடும் வெயில் வருமுன் ஜனங்களுக்கு எச்சரிக்கை, பொது இடங்களில் தண்ணீர், ஆஸ்பத்திரி ஊழியருக்குப் பயிற்சி, பிற்பாடு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு ஆகிய இவ்வளவே. பிற நகரங்களும் மாகாணங்களும் அதைப் பார்த்துப் பின்பற்றின.

இரண்டாவது உதாரணம் இவ்வூருக்கு மிக அருகே நிகழ்ந்தது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விமானப் படையின் சாகசக் காட்சியைக் காணச் சென்னை மெரினாக் கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினர். காட்சி முற்பகல் 11 மணிக்கு ஆரம்பமாயிற்று. அநேகர் காலை முதலே வெட்ட வெளியில் காத்திருந்தனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டவர் பலர். கடும் வெயிலும் தேக நிலையைச் சேர்ந்த வேறு காரணங்களும் மரணங்களுக்குக் காரணம் என்று அரசாங்கத்தார் தெரிவித்தனர். அந்நாள் கத்திரி வெயில் காலமன்று. ஐப்பசி பிறக்கவிருந்த சமயம். நிழலும் நீரும் இன்றி நெடுநேரம் நின்றால், காலண்டரில் கோடை முடிந்திருந்தாலும் தேகத்திற்குக் கோடை முடிவதில்லை. திருவிழா, தேர், அரசியல் கூட்டம், கலியாண ஊர்வலம் முதலியவற்றை நடத்துவோர் யாவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அபாயம் யாருக்கு அதிகம்?

வெயில் யாவர்க்கும் ஒன்றேயாயினும் அதன் தீங்கு யாவர்க்கும் ஒன்றன்று. வயோதிகர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைவு. தாகம் இல்லையென்று தண்ணீர் குடியாமல் இருப்பர். கைக்குழந்தை தன் தாகத்தைச் சொல்ல அறியாது. இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உடையவர்களும், இரத்த அழுத்தத்திற்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை உட்கொள்ளுபவர்களும் கோடை துவங்குமுன் தங்கள் வைத்தியரைக் கண்டு யோசனை கேட்க வேண்டும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது கூடாது.

உழைப்பாளிகளின் நிலைமை தனியே சொல்லத் தக்கது. கொத்தனார், சித்தாள், சாலை வேலை செய்வோர், துப்புரவுத் தொழிலாளர், தலைச்சுமை வியாபாரிகள், இருசக்கர வாகனத்தில் வீடு வீடாகச் சாமான் கொண்டு கொடுக்கும் இளைஞர்கள் ஆகியோர் வெயிலைத் தவிர்க்க இயலாதவர்கள். அடுப்பு, கொதிகலன், இஸ்திரிப் பெட்டி இவற்றின் முன் நிற்போருக்கு நிழலிலேயே வெயில் இருக்கிறது. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வேலை செய்யும் 352 பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், அவர்களுள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அனுமதிக்கத் தக்க அளவுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் உழைக்கின்றனர் என்று கண்டிருக்கிறார்கள். அவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் சக்தி குறைந்திருந்தது. அதே நிலையத்தார் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்து எழுதிய மற்றோர் அறிக்கையில், கடும் உஷ்ணத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு 100-க்கு 5 எனவும், அவ்வாறு செய்யாதவர்களுக்கு 100-க்கு 2 எனவும் கண்டனர். ஆகவே வயலிலும் சூளையிலும் கட்டிடத்திலும் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு நிழலில் வேலை கொடுப்பது தயவு அன்று. தாயையும் சேயையும் காக்கும் அவசியமாகும்.

வேலையும் கூலியும்

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்லற்க" என்பது எங்கும் சொல்லப்படும் யோசனை. யோசனை சரியானதே. ஆனால் அன்றாடக் கூலியில் அடுப்பெரிப்பவன் அதை எப்படி அனுசரிப்பான்? மூன்று மணி நேரம் நின்றால் கூலி நிற்கிறது. கூலி நின்றால் உலை நிற்கிறது. ஆகையால் அவனுக்கு உபதேசம் செய்வதினும், வேலை கொடுப்பவருடன் பேசி வேலை நேரத்தை மாற்றுவதே பிரயோஜனமுள்ள காரியம். காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, மாலை 4 மணிக்கு மீண்டும் தொடங்கினால், வேலையும் குறையாது, கூலியும் குறையாது. ஏர் உழுதவர்கள் விடியுமுன் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்ததும் இக்கணக்கிலேயே.

கோடையில் புதிதாக வேலைக்கு வருபவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் வேலை செய்வதற்குத் தேகம் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் செல்லும். நோயில் படுத்தெழுந்தவனும், நெடுநாள் ஊருக்குப் போய்த் திரும்பியவனும் புதியவனுக்குச் சமானமே. முதல் நாள் முழுப் பாரத்தையும் அவர்கள்மேல் சுமத்தாமல், ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, நாளுக்கு நாள் உயர்த்துவதே முறை. முதல் சில நாட்களிலேயே அநேக விபத்துகள் நேர்கின்றன.

பானமும் ஆகாரமும்

வெயிலில் உழைப்பவர் தாகத்திற்குக் காத்திராமல், 20 நிமிஷத்திற்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் அருந்த வேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதைவிட, அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிப்பதே நலம். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிடக் கறுத்துப் போனால் நீர் போதவில்லை என்று அறிய வேண்டும்.

தண்ணீருக்கு அடுத்தபடி இந்நாட்டு வழக்கத்திலுள்ள பானங்களே சிறந்தவை. உப்பிட்ட நீர்மோர், பழையசோற்று நீராகாரம், கேழ்வரகுக் கூழ், எலுமிச்சம்பழ ரசம், பானகம், இளநீர், நுங்கு, வெள்ளரிக்காய், தர்ப்பூசணி ஆகியவை நீரும் உப்பும் ஒருங்கே தருவன. வேளா வேளை சாப்பிடுபவருக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையவர்கள் உப்பையும் சர்க்கரையையும் வைத்தியர் சொன்ன அளவோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். சாராயம் முதலிய மதுபானங்கள் தேகத்திலுள்ள நீரை வெளியேற்றி அறிவையும் மயக்குவதால், வெயில் காலத்தில் இரட்டிப்புத் தீங்கு செய்யும்.

கோடையில் சமைத்த உணவு விரைவில் கெடும். பேதியும் வாந்தியும் வரும். அதனால் தேகம் வறண்டு போவது உஷ்ணத்தினால் வறண்டு போவதைவிட வேகமானது. அதற்குச் சர்க்கரை உப்புக் கரைசலே கைகண்ட மருந்து. 1971-இல் வங்காள தேச யுத்தத்தின்போது பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவி, ஊசி வழியே ஏற்றும் மருந்து தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்து கொண்டிருந்த இடத்தில் மரணம் 100-க்கு 4 பேருக்கும் குறைவாயிற்று. கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுவே. பொட்டலம் கிட்டாத சமயத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொள்ளலாம். உப்பு இந்த அளவுக்கு மேல் போகலாகாது. முக்கியமாகக் குழந்தைகளுக்கு அது தீங்காகும்.

மயங்கி விழுந்தால் செய்ய வேண்டியது

உஷ்ண நோய் படிப்படியாக ஏறுவது. முதற்படியில் அதிக வியர்வை, கெண்டைக்கால் இழுப்பு, தலைவலி, தலைசுற்றல், குமட்டல் காணும். இந்நிலையில் வேலையை நிறுத்தி, நிழலில் படுக்கச் செய்து, கால்களைச் சிறிது உயர்த்தி, உப்பிட்ட பானம் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். "இன்னும் இரண்டு சட்டி கலவைதானே" என்று வேலையைத் தொடர்வதே அபாயத்திற்கு வாசல்.

அடுத்த படியில் தேக உஷ்ணம் 40 டிகிரிக்கு, அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறும். பேச்சு தடுமாறும், முன்னுக்குப் பின் முரணாக உளறுவர், வலிப்பு வரலாம், பிரக்ஞை தவறலாம். இதுவே உயிருக்கு ஆபத்தான வெப்ப மயக்கம். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. உழைப்பாளிகளுக்கு வியர்த்துக் கொண்டிருக்கும்போதே இது வருவதுண்டு. அறிவு தடுமாறுவதே தக்க அடையாளம். உடனே 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும். வண்டி வரும் வரை கைகட்டி நிற்கலாகாது. நோயாளியை நிழலுக்கு எடுத்துச் சென்று, மேலுடையைத் தளர்த்தி, தேகம் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத் துணியோ துணியில் சுற்றிய பனிக்கட்டியோ வைக்க வேண்டும்.

சூடேறிய தேகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் ஜன்னி காணும் என்று சிலர் தடுப்பதுண்டு. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இதனால் காக்கத் தக்க உயிர்கள் போகின்றன. தேகம் எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவுக்கு மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. ஆகவே முதலில் குளிர்வித்தல், பிறகு கொண்டு செல்லுதல் என்பதே வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட முறை. பிரக்ஞை இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் மூச்சுக் குழலில் இறங்கி விடும், ஊற்றவே கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்த உஷ்ணத்தைத் தணிக்காது.

வீடும் கால்நடையும் குழந்தைகளும்

தகரக் கூரையும் கல்நார்க் கூரையும் உடைய வீட்டினுள் பிற்பகல் உஷ்ணம் வெளி நிழலைவிட அதிகமாவதுண்டு. கூரையின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், தென்னங்கீற்று வேய்தல், பந்தல் போட்டுப் பாகல், அவரை, சுரைக் கொடிகளை ஏற்றுதல் ஆகியவை செலவு குறைந்த உபாயங்கள். பகலில் வெயில் விழும் சன்னல்களை ஈரச் சாக்கினாலோ பாயினாலோ மறைத்து, மாலையில் யாவற்றையும் திறந்து விட வேண்டும். கடும் உஷ்ணத்தில் மின்விசிறி மட்டும் போதாது. தேகத்தை ஈரத்துணியால் நனைத்துக் கொண்டு விசிறியின் கீழ் இருந்தால் அது பயன்படும்.

பால் சங்க அங்கத்தினர்கள் தங்கள் பசுக்களையும் மறக்கலாகாது. கலப்பினப் பசு நாட்டுப் பசுவைவிட வெயில் தாங்காது. மூச்சு வாங்கி, தீனி குறைந்து, பாலும் குறையும். தொழுவில் நிழல், நாள் முழுவதும் எட்டும்படியாகத் தண்ணீர், விடியற்காலையிலும் அந்தியிலும் தீனி, பிற்பகலில் மேலே நீர் தெளித்தல் ஆகியவற்றைச் செய்தால் பாலில் ஏற்படும் நஷ்டம் பெரிதும் தவிரும்.

கோடை விடுமுறையில் சிறுவர்கள் நீரைத் தேடி அலைவர். இப்பகுதியைச் சுற்றிலும் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் நீர் தேங்கி நிற்கிறது. மேலே தெளிந்து காணும் அந்நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கரையும் செங்குத்தானது. நீந்தத் தெரிந்தவர்களே அதில் அகப்பட்டுக் கொள்வதுண்டு. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை அங்கே விடலாகாது. பூட்டிய மோட்டார் வண்டியினுள் குழந்தையைச் சில நிமிஷங்கள்கூட விட்டுச் செல்வது உயிருக்கு ஆபத்து.

ஏரி காட்டிய வழி

உஷ்ணத்தைப் பற்றிய பேச்சு தண்ணீரைப் பற்றிய பேச்சாக முடியாமல் இராது. 2019-ஆம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு போயின. ஜூலை 12-ஆம் தேதி முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தண்ணீர் லாரிக்காக ஸ்திரீகள் நடு வெயிலில் குடத்துடன் நின்ற வருஷம் அது. வெயிலைத் தாங்கும் பொருட்டு வேண்டிய தண்ணீரைப் பெற, வெயிலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

அந்த வருஷத்தில் சிட்லபாக்கத்து ஜனங்கள் செய்த காரியம் மற்ற ஊர்களும் அறியத் தக்கது. குப்பையும் கழிவு நீரும் சேர்ந்து சீர்கெட்டிருந்த தங்கள் ஏரியில் மண்வெட்டியும் கூடையுமாக நூற்றுக்கணக்கானோர் இறங்கிக் குப்பையை வாரினர். உத்தியோகஸ்தரும் மாணவரும் இல்லத்தரசிகளும் ஒன்றாக வேலை செய்தனர். ஜனங்களின் முயற்சியைக் கண்ட பின் அரசாங்கத்தாரும் ஏரியைச் சீர்திருத்த 25 கோடி ரூபாய் ஒதுக்கினர். இந்த ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து மற்ற ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும் செல்வது. ஓர் ஏரியைக் காத்தால் கீழுள்ள ஊர்களின் கிணறுகளும் காக்கப்படும். நீர் நிறைந்த ஏரியும் அதன் கரையில் நிற்கும் மரங்களும் சுற்றுப்புறத்து உஷ்ணத்தைக் குறைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவர் தனியே கூடை எடுத்திருந்தால் ஊரார் நகைத்திருப்பர். பலர் சேர்ந்து எடுத்ததனால் காரியம் நடந்தது. கூட்டுறவு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

சங்கம் செய்யத் தக்கவை

முன்னாளில் ஐக்கிய நாணய சங்கம் என்று வழங்கிய கூட்டுறவுக் கடன் சங்கம் இந்த ராஜதானியில் 1904-இல் திரூரில் தோன்றிற்று. கடும் வட்டியிலிருந்து குடியானவனை மீட்பதே அதன் நோக்கம். வட்டியினால் கெடும் குடும்பத்தைக் காக்கக் கூடிய சங்கம், வெயிலினால் கெடும் குடும்பத்தையும் காக்கக் கூடும். ஒவ்வொரு சங்கமும் பங்குனி மாதத்திற்குள் தன் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை ஆலோசித்துத் தீர்மானம் செய்து கொள்ளலாம்.

1. சங்கக் கட்டிடத்தின் முன்பும், நியாயவிலைக் கடையிலும், பால் கொடுக்குமிடத்திலும் நிழற் பந்தலும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தல். வரிசையில் நிற்பவர் வெயிலில் நில்லாதபடி காலையிலும் மாலையிலும் விநியோகம் செய்தல். பானையை நாள்தோறும் கழுவி, மூடி, நீண்ட காம்புள்ள அகப்பையால் மொண்டு கொடுக்க வேண்டும். கையிட்டு மொண்ட தண்ணீர் தாகத்தைத் தீர்த்து நோயைக் கொடுக்கும்.

2. தனியே வசிக்கும் வயோதிகர், நோயாளி, கர்ப்பிணி இவர்களுடைய ஜாபிதா ஒன்று தயாரித்து, தெருவுக்கு ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாக நியமித்தல். கடும் வெயில் எச்சரிக்கை வந்த நாட்களில் அவர் இருவேளையும் சென்று விசாரிக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

3. கட்டிட மேஸ்திரிகளையும் வேலை கொடுப்போரையும் அழைத்துப் பேசி, சித்திரை வைகாசி மாதங்களில் வேலை நேரத்தை மாற்றச் செய்தல்.

4. வேலை கிடைக்காத கோடை நாட்களில் கூலி அங்கத்தினருக்கு அவசரச் சிறுகடன் கிடைக்க ஏற்பாடு செய்தல். கையில் ஒரு வாரத்து அரிசி இருப்பவனே தலைசுற்றியவுடன் வேலையை நிறுத்தத் துணிவான். கந்து வட்டிக்காரனுக்குத் தவணை கட்ட வேண்டியவன் விழும் வரை நிறுத்த மாட்டான்.

5. லாபத்திலிருந்து பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையில், ஏழை அங்கத்தினரின் கூரைக்குச் சுண்ணாம்பும், சங்கத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் வாங்கி வைத்தல். நிழல் தரும் வேம்பு, புங்கு, பூவரசு முதலிய மரங்களை மழைக்காலத்தில் நட்டு, அடுத்த கோடை வரையில் தண்ணீர் ஊற்றப் பொறுப்பாளரை நியமித்தல். நடுவதற்கு ஆயிரம் பேர் வருவர். தண்ணீர் ஊற்ற வருபவரே மரம் வளர்ப்பவர்.

6. எவரேனும் உஷ்ணத்தால் இறக்க நேரிட்டால், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கும் வருவாய் அதிகாரிகளுக்கும் தெரிவித்து, குடும்பத்தாருக்குச் சேர வேண்டிய நிவாரணம் சேர உதவுதல். காரணம் எழுதப்படாத மரணம் கணக்கில் சேர்வதில்லை. கணக்கில் சேராத துன்பத்திற்கு ஏற்பாடும் பிறப்பதில்லை.

இவற்றுள் சங்கத்தின் சக்திக்கு மேற்பட்டது ஒன்றும் இல்லை. யாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டுமென்பதும் இல்லை. முதல் வருஷம் ஒரு பானையும் ஒரு ஜாபிதாவும் போதும். இரண்டாம் வருஷம் மற்றவை தாமே தொடரும். சூரியனைக் குறைக்க ஒருவராலும் இயலாது. அவன் கீழே நிற்பவனுக்கு நிழலையும் நீரையும் சிறிது ஓய்வையும் ஏற்படுத்திக் கொடுக்க அண்டை வீட்டாரால் இயலும். கடனைப் பகிர்ந்து கொள்ளக் கற்றுக்கொண்ட அங்கத்தினர்கள் நிழலையும் பகிர்ந்து கொள்வார்களாக.